நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

லியபாயா துறைமுகத்தில் பனிக்கட்டி பார்க்கும் ரேடாருக்கு
ஒரு டிரைவர் வேண்டும்.
அட்டையைச் செய்த கம்பெனி போன வசந்தத்தில் இழுத்து மூடப்பட்டது.
விட்டுப்போனது ஒரே ஒரு கோப்பு,
ஒன்றும் பூஜ்யமுமாய், வாய் திறக்காத சிப்பி.

அதை ஏற்றும்போதெல்லாம் எங்கள் கெர்னல்
ஒரு வரி எழுதி வைக்கும்: தீட்டுப்பட்டேன்.
அதற்குமேல் எது உடைந்தாலும் யாரிடமும் முறையிட முடியாது.
புதிய கெர்னல் வந்தது, கோப்பு அதனோடு பேச மறுத்தது.
பனி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

வக்கீல் ஸிக்ரிதா வீட்டுக்கே வந்து
எங்கள் இருவருக்கும் நடுவே சட்டத்தை விரித்தாள்.
வில்னிஸ் கோப்பைப் பிளந்து பார்ப்பான்; எழுத மாட்டான்.
நான் எழுதுவேன்; பார்க்க மாட்டேன்.
அவன் கண்டது தாளில் வரும்,
அவள் படித்துக் கையெழுத்திட்ட பிறகு.
என்ன செய்கிறது என்று சொல்லலாம்.
எப்படி எழுதியிருக்கிறது என்று மூச்சு விடக் கூடாது.

எட்டு மாதம்.
ஒரே கம்பு ரொட்டி, ஒரே வெண்ணெய்க் கத்தி.
"பதினான்காம் பதிவகத்தில் மூன்றை எழுதவும்.
நாற்பது மைக்ரோ நொடி காத்திருக்கவும்."
ஏன் நாற்பது?
எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான், பீட்ரூட் சூப்பை ஊதிக்கொண்டு.
கடற்கரையில் நல்ல காற்று என்றான்.
ஆமாம் என்றேன்.

ஒரு ராத்திரி தூக்கத்தில் ஏதோ எண் முனகினான்.
தலையணையைத் தூக்கிக்கொண்டு
குளியலறையில் போய்ப் படுத்தேன்.

ஒருநாள் அவன் அறைக்குள் தனியாக, வாய்விட்டுச் சிரித்தான்.
அந்தச் சிரிப்புக்கு என்னிடம் உரிமம் இல்லை.

மார்ச்சில் முடித்தேன்.
கோப்புக்குள் கிடந்த சொற்களையும் என் நிரலையும்
அருகருகே வைத்துப் படித்த ஸிக்ரிதாவின் பேனா
ஓரிடத்தில் நின்றது.
எந்த வழியும் போய்ச் சேராத ஒரு மூலை.
தப்பித் தவறிச் சேர்ந்தால் திரையில் வரட்டும் என்று
நான் எழுதி வைத்திருந்தது:
'இங்கே யாரும் வரமாட்டார்கள்.'
கோப்பிலும் அதே மூலை, அதே வாக்கியம்,
முற்றுப்புள்ளி உட்பட.

சொன்னாயா என்று அவனைக் கேட்டாள்.
இல்லை.
கேட்டாயா என்று என்னை.
இல்லை.
வில்னிஸ் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குள்
முதல்முறையாக ஒரு வக்கீல் இருந்தான்.
என் பார்வையில் என்ன இருந்ததோ.

எந்த ஊரிலோ சம்பளம் பாக்கியான ஒருத்தனோ ஒருத்தியோ
விடியற்காலை மூன்று மணிக்கு
அலுத்துப்போய் எழுதியிருக்க வேண்டும்.
நான் எழுதியபோதும் மணி மூன்றுதான்.
கோர்ட்டில் இதெல்லாம் நிற்காது என்றாள் ஸிக்ரிதா.

என் வரிதான்.
நீக்கினேன்.
அங்கே இப்போது வெறும் எண்: பிழை, மைனஸ் ஐந்து.

ரேடார் ஓடுகிறது. தீட்டு இல்லை.
யார் வேண்டுமானாலும் வரலாம், திறந்து பார்க்கலாம்,
எடுத்துப்போய் மாற்றிக்கொள்ளலாம்.
அந்த நாற்பதை மட்டும் தொடாதீர்கள்.
ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.
அவனுக்கும் தெரியாதாம்.