சோப்பில் பதிந்த சாவி

புந்தா அரேனாஸில் எல்லாப் பழியும்
காற்றின் மேல்தான்.
குடை முறிந்தால் காற்று.
படகு வராவிட்டால் காற்று.
கண்ணுக்குக் கீழே கருநீலமாய்க் கன்றியிருந்தால்
"அறைக் கதவு அறைந்துவிட்டது, காற்றில்" என்பார்கள்.

முப்பத்தோரு வருடமாய் இங்கே பூட்டு வேலை.
எந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்,
கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கும்,
எனக்குத் தெரியும்.
கைப்பிடி எட்டாத இடத்தில் காயம்.
அப்போதும் தலையாட்டினேன்:
ஆமாம், இந்த வருஷம் காற்று அதிகம்தான்.

அவன் ஒரு சனிக்கிழமை வந்தான், கடை சாத்தும் நேரம்.
கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
மரியாதையாக நின்றான்.
கைக்குட்டையைப் பிரித்தான்.
பாதி தேய்ந்த சோப்புக்கட்டி,
அதில் ஒரு சாவியின் அச்சு.
"தொலைத்துவிட்டேன். வீட்டில் திட்டுவாள்" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
தொலைந்த சாவி சோப்பில் எப்படிப் பதியும்
என்று நான் கேட்கவில்லை.
பற்கள் பிசிறில்லாமல் வந்தன.
வழக்கம்போல ஊதினேன்,
பித்தளைத் தூள் பறந்தது.
மீதிச் சில்லறையை வேண்டாம் என்றான்.

எர்சிலியா மான்சியா,
நண்டு பதனிடும் ஆலையில் ஓடு உடைப்பவள்,
நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.
செய்தித்தாளில் படித்தேன்.
அவன் படத்தையும் பார்த்தேன்.
தாளை மடித்து அடுப்பில் போட்டேன்.

அடுத்த அக்டோபரில் கடை மணி அடித்தது.
இடது கையை மார்போடு அணைத்தபடி வந்தவள்
மேசைமேல் ஒரு சாவியை வைத்தாள்.
தலையில் நங்கூரம். என் கடை முத்திரை.
"வழக்கு முடிந்து திருப்பிக் கொடுத்தார்கள்.
இது உங்களுடையதுதானே?"

நான் பேசினேன். நிறையப் பேசினேன்.
தினம் எத்தனை பேர் வருகிறார்கள்,
முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது,
எனக்கெப்படித் தெரியும், எனக்கெப்படித் தெரியும்.
முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"தெரியாது என்று சொல்லாதீர்கள்.
கேட்கவில்லை என்று சொல்லுங்கள்."

பிறகு ஒரு பூட்டு கேட்டாள். புதியது. கனமானது.
பணம் வேண்டாம் என்றேன்.
ஒற்றைக் கையால் நாணயங்களை எண்ணி அடுக்கினாள்.
"ரசீது போடுங்கள்."
போட்டேன்.
மன்னிப்பு அந்த ரசீதில் இல்லை.
நான் கேட்கவுமில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில்
பெண்கள் மையத்திலிருந்து நிடியா கூப்பிடுவாள்.
நீதிமன்றத் தாள் அவள் கையில்,
துளைப்பான் என் கையில்.
ஒரு பூட்டுக்குப் பதினொரு நிமிடம்.
"ஏன் முன்னாலேயே போகவில்லை" என்று
எந்தப் பெண்ணிடமும் கேட்பதில்லை.
கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல,
கேட்கவேண்டிய ஆளும் அவளல்ல.
துளைப்பான் சத்தத்தில் சிலர் நடுங்குவார்கள்.
தொடங்கும்முன் சொல்லிவிடக் கற்றுக்கொண்டேன்:
இப்போது சத்தம் வரும். இரண்டு நிமிடம். பிறகு நிற்கும்.

ஒரு வீட்டில் ஆறு வயதுப் பையன்
புதுச் சாவியை உள்பக்கமிருந்து திருகினான்.
திறந்தான். பூட்டினான். திறந்தான். பூட்டினான்.
அவன் அம்மா போதும் என்று சொல்லவில்லை.
நானும் கருவிகளை மெதுவாகவே எடுத்துவைத்தேன்.

போன வாரம் வேறொருவன்.
இந்தக் காலத்தில் சோப்பு எதற்கு,
அலைபேசியில் சாவியின் படம்.
"யார் வீடு?" என்று கேட்டேன்.
அவ்வளவுதான் கேட்டேன்.
முகம் மாறியது. வசவு ஒன்றை வீசிவிட்டு
கதவைத் திறந்துபோட்டபடி போனான்.

இந்தத் தெருவில் இன்னும் மூன்று பூட்டுக் கடைகள் உண்டு.
நிடியாவுக்குச் சொல்லிவிட்டு என் கடையைச் சாத்தினேன்.
சதுக்கத்தில் அன்று கயிறு கட்டியிருந்தார்கள்,
ஆட்கள் விழாமல் பிடித்து நடக்க.
பிடித்து நடந்தேன்.
முதல் இருவரும் தலையாட்டினார்கள்.
மூன்றாவது கடைக்காரன்
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி,
"நமக்கெதற்கு, ரேனே...
இன்றைக்குக் காற்று ரொம்ப அதிகம்" என்றான்.

காற்றைப் பற்றிப் பேச வரவில்லை என்றேன்.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.