உப்பும் மிளகும்

உலான் உதே நகரம். ஏப்ரல். மூன்றாவது மாடி.
செசெக்மாவின் திரையில்
விமானத்தின் வயிற்றிலிருந்து பார்த்த பைக்கால் ஏரி:
நாலாயிரம் நிரை, ஆறாயிரம் நிரல்,
எல்லாம் எண்கள்.

"இதில் பனி எங்கே?" என்கிறார்
கணக்கு வாங்கிப்போக வந்த மீன்வளத்துறைக்காரர்.
"பூஜ்யம் கறுப்பு.
இருநூற்று ஐம்பத்தைந்து வெள்ளை.
கடல்நாய்கள் நடுவில் எங்கோ."

முதலில் இரைச்சலை எடுக்க வேண்டும்.
உப்பும் மிளகும் என்று அதற்குப் பெயர்
(நன்னீர் ஏரியில் உப்பாம்,
கடலில்லாத ஊரில் கடல்நாயாம்).
ஒவ்வொரு புள்ளியையும்
அண்டை எட்டுப் பேரோடு உயரவாரியாக நிறுத்தி
நடுவில் நிற்பவன் சொன்னதே சொல் என்றாள்.
உப்பு கரைந்தது.

ஒட்டிப் படுத்த இரண்டை
ஒன்றென்றது கணக்கு.
ஓரத்தை ஒரு புள்ளி அரித்தாள். பிரியவில்லை.
இன்னொரு புள்ளி.
பிரிந்தன.

நானூற்றுப் பன்னிரண்டு.
அவர் எண்ணை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
இர்கூத்ஸ்க் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

சும்மாதான்,
மூலத்திலிருந்து விடையைக் கழித்துப் பார்த்தாள்.
மிச்சத்தில், கறுத்த தாயொன்றின் விலாவோரம்
வெள்ளைமேல் வெள்ளையாய் இரண்டு அரிசிமணிகள்.
சுற்றுப் பனியைவிட மூன்றே எண் கூடுதல்.

ஒன்று குட்டியாக இருக்கலாம்.
ஒன்று லென்ஸில் ஒட்டிய துகள்.
அல்லது இரண்டும் துகள்.
அல்லது.

விமானம் நகரும்; துகள் நகராது.
அடுத்த படத்திலும் அதே இடத்தில் நிற்பது
உயிரில்லை.

அடுத்த படத்தைத் திறந்தாள்.
மேகம்.
இருநூற்று ஐம்பத்தைந்து, இருநூற்று ஐம்பத்தைந்து,
இருநூற்று ஐம்பத்தைந்து