தொண்ணூறு பிக்சல் ஞானதாஸ்

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பதின்மூன்று.
ஏசியையும் மீறி வினைல் மணக்கும் கடை.
பீரான்குட்டி போனை நீட்டுகிறார்:
'நஜ்ம் கஃபெட்டேரியா', பக்கத்தில் கூட்டாளியின் முகம்.
பலகை ஆறு மீட்டர்.
முகமோ வாட்ஸப்பில் ஏழு கை மாறி வந்த
தொண்ணூறு பிக்சல்.

எழுத்துக்குக் கவலையில்லை.
வளைவு தோறும் ஒரு முளை அடித்துக்
கோட்டை இழுத்துக் கட்டினேன்,
மீமின் வாலுக்கு மட்டும் ஐந்து முளை.
இனி அதற்கு அளவில்லை.
கொசு முதுகிலும் அச்சாகும்,
கோபுரத்தைப் போர்த்தும் துணியிலும்.
இர்ஃபானின் வெட்டுக்கத்திக்கும் கோடுதான் புரியும்;
மங்கலின் ஓரமாய் நடக்க
அதற்குத் தெரியாது.

முகம்தான் சிக்கல்.
வெக்டராக்கச் சொன்னேன்.
எட்டு நிறத்தில் ஒருவன் வந்து நின்றான்,
வார்டு தேர்தலில் நிற்பவன் போல.
"யாரிது?" என்றார் பீரான்குட்டி.

முதலாளி புது மென்பொருளைத் திறந்தார்.
"ரெண்டே வருஷம். அப்புறம்
புள்ளியும் கிடையாது, கோடும் கிடையாது.
கேட்டால் வரும், அவ்வளவுதான்."
பட்டை நகர்ந்து நூறைத் தொட்டது.
மீசையில் மயிர் மயிராய்த் தெளிந்த முகம்,
வரிசை பிசகாத பற்கள்.

திரைக்கு அருகே குனிந்தார் பீரான்குட்டி.
"இந்தப் பல் அவனுக்கு இல்லை.
ரெண்டாயிரத்து ஒன்பது, ஷட்டர் இறக்கும்போது போச்சு.
ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன்."

பழைய படத்தைப் பெரிதாக்கித் தேடினேன்.
மேல்வரிசையில், இடப்பக்கம்,
ஒரே ஒரு கறுப்புச் சதுரம்.
அழுக்கென்று நினைத்து
நிரப்பிவிட்டது இயந்திரம்.

எழுத்தைக் கோடாகவும்
முகத்தைப் புள்ளியாகவும் வைத்து
அச்சுக்கு அனுப்பினேன்.
ஒரு பிக்சல் ஒரு சர்க்கரைக்கட்டி அளவு.
"கடைப் பேர் கெடும்" என்றார் முதலாளி.
கெடலாம்.

ரோலாவில் பலகை ஏறிய மாலை
அடியில் நின்று பார்த்தால்
பழுப்பும் கறுப்பும், தளம் பதித்த மாதிரி.
ஏணியைப் பிடித்திருந்த பையன் சிரித்தான்.
மீமின் வால் மட்டும்
கத்தி போல மின்னியது.

பீரான்குட்டி எதுவும் சொல்லாமல்
சாலையைக் கடந்தார்.
பின்னாலேயே நானும்.
ஒரு தண்ணீர் லாரி எங்களுக்கும் பலகைக்கும் நடுவே
மெதுவாக ஊர்ந்து விலகியது.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.
வெகுநேரம்.

பலகையின் ஓரம் ஒட்டியிருக்கிறதா பார்க்க
நான் மறுபடி இறங்கப் போனேன்.
தோளைப் பிடித்தார்:
"வேண்டாம்.
இதுக்கு மேல கிட்ட போகாதே."