காரணம் எழுத ஒரு வரி

ரீகாவிலிருந்து திரும்பி வந்துவிட்டன
நாற்பதாயிரம் ரொட்டிப் பைகள்.
எடுத்துப் போன லாரியே கொண்டுவந்து போட்டது,
பெட்டிகளின் அடியில் உருகிய பனியோடு.

கல்லாவில் இருந்த பெண்
நான்கு தடவை காட்டியும்
பார்கோடு படிக்கவில்லையாம்.
கடைசியில் பதின்மூன்று எண்ணையும்
விரலால் தட்டினாளாம்,
வரிசை முழுக்கப் பெருமூச்சு.

யெல்காவாவில் எங்கள் அச்சுக்கூடத்தில்
காலையிலிருந்து யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
"மெஷின்" என்கிறான் தகடு செய்கிற மின்தாவுட்ஸ்.
"மை" என்கிறார் மெஷினுக்குப் பொறுப்பான வால்டெமார்ஸ்.
மை விற்பவர் தொலைபேசியில் "பிலிம்" என்கிறார்.
பிலிம் கிடங்கின் ஜித்ரா
ஒன்றும் சொல்லாமல் சன்னலைக் காட்டுகிறாள்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
அதற்கு மேல் பழி போக வழியில்லை.

படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள்.
'காரணம்' என்று போட்டு
ஒரே ஒரு வரி.

பிலிமிலிருந்து தொடங்கினேன்.
சோதனைப் பேனாவால் கோடு இழுத்தால்
கோடு கோடாகவே நின்றது,
முத்து முத்தாகச் சுருண்டு ஓடவில்லை.
ரோல்கள் ஒரு நாள் முழுக்கக் கூடத்துச் சூட்டில்
கிடந்த பிறகே ஏற்றியிருக்கிறோம்.
ஜித்ரா, நீ வீட்டுக்குப் போகலாம்.

மையைக் கோப்பையில் மொண்டு
அடித்துளை வழியே வடியவிட்டு எண்ணினேன்.
இருபத்து மூன்று நொடி.
கரைப்பான் பறந்துபோகும் வறண்ட இரவுகளில்
இருபத்தெட்டு வரை போகும், பாகுபோல இழுக்கும்.
இது அப்படி இல்லை.

தகட்டை உருப்பெருக்கியில் பார்த்தேன்.
கோடுகள் சவரம் செய்த மாதிரி.
பையைப் பார்த்தேன்.
அதே கோடுகள் உப்பி,
இடையிலிருந்த வெள்ளையைத் தின்றிருந்தன.
ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் வெளிறல்,
விளிம்பில் கரிய வளையம்.

அந்த வளையம் எனக்குத் தெரியும்.
இறுக்கிப் பிடித்த கையில்
மோதிரம் பதிகிற தடம் அது.

மையைச் சுமக்கும் அனிலாக்ஸ் உருளையைக் கழற்றினேன்.
கண்ணுக்குத் தெரியாத லட்சம் குழிகள்,
பாதியில் பழைய மை காய்ந்து கல்லாகி.
குழி நிறையாவிட்டால் மை போதாது,
மை போதாவிட்டால் கறுப்பு வெளிறும்,
வெளிறினால் யாரோ
குமிழைக் கொஞ்சம் திருகுவார்கள்.

இரவுப் பதிவேட்டைப் புரட்டினேன்.
டிசம்பர் நான்கு: ஐந்து மைக்ரான்.
டிசம்பர் ஒன்பது: இன்னும் ஐந்து.
கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு: பத்து.
பக்கத்தில் கையெழுத்து.
கையெழுத்து என்னுடையது.

உருளையைக் கழுவ நான்கு மணி நேரம்.
குமிழைத் திருக நான்கு நொடி.
சுவரில் அன்றைய இலக்கு
சிவப்பு எண்ணில் எரிந்துகொண்டிருந்தது.
இதெல்லாம் காரணம்தானா,
இல்லை சாக்கா, தெரியவில்லை.

வேலை கற்றபோது சொல்லியிருந்தார்கள்:
தகடு பிலிமைத் தொட வேண்டும், பிடிக்கக் கூடாது.
தூங்குகிற பிள்ளை விழித்துவிடாமல்
நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல.
இருபது வருடம் பிசகாமல் செய்தேன்,
பிறகு மூன்று வாரம்
கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ளியிருக்கிறேன்.

இரவோடு இரவாகக் கழுவினேன்.
குமிழைப் பின்னுக்குத் திருப்பினேன்,
கறுப்பு அறுந்துபோகும் வரை.
பிறகு ஒரு மயிரிழை முன்னே.
ஐந்தரைக்கு ஸ்கேனரைக் காட்டினேன்.
பீப்.
இவ்வளவு சின்னச் சத்தம்.

வரியில் 'அழுத்தம்' என்று எழுதி
டிசம்பர் பக்கங்களை அடியில் குத்தினேன்.
வால்டெமார்ஸ் படித்துவிட்டு
"எந்த அழுத்தம்?" என்றார்.
"கறுப்பு, நான்காவது யூனிட்" என்றேன்.
மிச்சத்தையும் சொல்வேன் என்று
கொஞ்ச நேரம் நின்றார்.
அவர் தலைக்கு மேல் சிவப்பு எண்
புது இலக்குக்கு மாறிக்கொண்டிருந்தது.

நாற்பதாயிரமும் அரவைக்குப் போயின.
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்,
பேருந்தில் ஈரப் பூட்ஸைப் போட்டுக்கொள்ள.