இடது கோடிவரை

பதிவுத் தபாலில் வந்தது.
இரவு வேலை முடித்து, பாதி நித்திரையில்
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
வரிப் பாக்கி என்று நினைத்தேன்.
நல்ல செய்திக்கு இந்த ஊரில்
யார் பதிவுத் தபால் காசு செலவழிக்கிறார்கள்?

மதிப்புக்குரிய சிவகௌரி நடேசலிங்கம் அம்மையாரே,
தங்கள் மோட்டார் சைக்கிளில்
கைப்பிடியை இடது கோடிவரை திருப்பும்போது
வயர்க் கட்டு இரும்புச் சட்டத்தில் உரசி
உறை தேய்ந்து மின்சாரம் அறுந்துபோகக்கூடும்.
முன்னறிவிப்பின்றி எஞ்சின் நிற்கலாம்.
விழும் அபாயம் உண்டு.

உண்டு.
எனக்குத் தெரியும், ஐயா.

முதல் தடவை சுமிஸ்வால்டுக்கு ஏறும்
கொண்டை ஊசி வளைவில். பின்னால் பால் வண்டி.
லைட், ஹோர்ன், எஞ்சின்
மூன்றும் ஒரே மூச்சில் செத்தன.
பால்காரர் இறங்கி வந்து
உருட்டி ஓரங்கட்டித் தந்தார்.
கிளட்சை விட்டிருப்பீர்கள் என்றார்,
அன்பாகத்தான்.

இரண்டாவது, முதியோர் இல்லத்தின் பின்வாசலில்.
விடியப்புறம், பனிப்புகார்,
கால் ஊன்றிய இடத்தில் ஈர இலை.
இருநூற்றுப் பதின்மூன்று கிலோ என் தொடைமேல்.
நீலம், பச்சையாகி, மஞ்சளாகிப் போக
மூன்று கிழமை எடுத்தது.
எதையாவது தொட்டனீரோ என்று கேட்டார் தயாபரன்.
தொட்டனான்.
கைப்பிடியைத் தொட்டனான்.
அதைத் தொடாமல் எப்படி ஓடுறது?

மூன்றாவதைச் சொல்ல விருப்பமில்லை.
பேர்ணில் கல்யாண மண்டபம்,
தரிப்பிடம் நிறையச் சனம்.
சேலைக்கு மேல் தோல் ஜாக்கெட்,
ஹெல்மெட்டுக்குள் நசுங்கிய மல்லிகை,
வளைத்து நிறுத்தப்போன இடத்தில்
பொசுக்கென்று அணைந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும்
"பொம்பிளையளுக்கு ஸ்கூட்டர் காணும்" என்றார்,
பலகாரத் தட்டை நீட்டியபடி.
நான் ஒரு லட்டு எடுத்தேன்.

பிறகு பற்றரியை மாற்றினேன்.
பிறகு என்னை மாற்றப் பார்த்தேன்:
ஓட்டுநர் பள்ளியில் மறுபடி ஐந்து மணித்தியாலம்,
நானூற்று எழுபது பிராங்க்,
ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே
எட்டு எழுதி எட்டு எழுதி.
எட்டின் ஒரு வட்டம் சுகமாக வரும்.
இடது வட்டத்தில் தோள் தானாக இறுகும்.
பயம், என்று தாளில் குறித்தார் பயிற்றுநர்.
நானும் அதை நம்பினேன்,
இரண்டு வருசம், நான்கு மாதம்.

பதினோராயிரத்துச் சொச்சம் வண்டிகளாம்.
எத்தனை பேர்
எத்தனை இடது வளைவுகளில்
தங்களைத் தாங்களே திட்டியிருப்பார்கள்.

கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்,
குப்பை எடுக்கும் நாட்களின் அட்டவணைக்குப் பக்கத்தில்.
பழுதான வயர் என்ற வரிக்குக் கீழே
கோடு போடலாமா என்று யோசித்து
போடவில்லை.
தயாபரன் பால் எடுக்கும்போது வாசித்திருப்பார்.
ஒன்றும் கதைக்கவில்லை.
வியாழன் காலை, கராஜுக்குப் புறப்பட,
என் சப்பாத்துகள் இரண்டும்
கறுப்புப் பொலிஷில் மினுங்கிக்கொண்டு நின்றன.
நுனியில் கொஞ்சம் அதிகமாகவே பூசியிருந்தார்.

றேட்டோ டாங்கியைக் கழற்றி
டோர்ச் அடித்துக் காட்டினான்.
கறுப்பு உறையில் அரிசிமணி அளவில் ஒரு கிழிசல்.
உள்ளே செம்பு,
புளிபோட்டு விளக்கிய குத்துவிளக்குப் போல.
இவ்வளவுதானா என்றேன்.
இவ்வளவுதான் என்றான்.
நாற்பது நிமிடம், ஒரு ரப்பர் உறை,
இரண்டு பிளாஸ்டிக் கட்டு.
காசில்லை. கோப்பி வேண்டுமா?

கோப்பி பிறகு.
கராஜ் முற்றத்தில், எஞ்சின் ஓட ஓட,
கைப்பிடியை இடது கோடிவரை திருப்பினேன்.
நிற்கவில்லை.
நேராக்கி, திரும்பவும்.
நிற்கவில்லை.
ஏழாம் தடவை றேட்டோ
சிகரெட்டோடு வெளியே வந்து நின்றான்.
எல்லாம் சரிதானே?

பொறு என்றேன்.
இன்னொருக்கால்.