சார்பில்

பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு எதிர்ச்சந்து,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியறை.
ஃபேன் இரண்டாம் நம்பரில்தான் ஓடும்.
பத்தொன்பது வருஷமாக இங்கே தட்டச்சு செய்கிறேன்.
விபத்துக் கேஸ் என்றால்
'நெக்லிஜென்ஸ்' என்று அடித்ததும்
அதன் வாலில் தானாக வந்து உட்காரும்
'ஆன் பிஹாஃப் ஆஃப் த டிரைவர்.'
அதற்கு விரல்கள் போதும். நான் வேண்டாம்.

வைகாசியில் சேர்ந்த ஜூனியர் ஜெபரோஸ்லின்
அந்த இடத்தைச் சிவப்பில் வளைத்திருந்தாள்.
"எக்கா, இது தப்புல்லா.
பிஹாஃப்னா இன்னொருத்தருக்காக நிக்கது.
டிரைவருக்காக வேற எவனோ வந்து
தூங்கி லாரிய விட்ட மாதிரி அர்த்தம் வருது.
'ஆன் த பார்ட் ஆஃப்'னு போடுங்க.
அவன் செஞ்ச தப்பு, அவன் தரப்பு."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.
இத்தனை வருஷத்தில் ஒரு நீதிபதியும் சிரித்ததில்லை.
பணம் கொடுத்தார்கள், குறைத்தார்கள், தள்ளுபடி செய்தார்கள்.
என் பிழை நகலுக்கு நகலாகி
ரிக்கார்டு ரூமில் கட்டுக்கட்டாக இருக்கிறது.

தமிழில் எனக்கு இது தவறினதே கிடையாது.
மைனர் சார்பில் தாயார்.
எதிர்மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை.
பாகப்பிரிவினை அன்றைக்கே
இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துபோனது.
"தங்கச்சி சார்பா நான் பேசுதேன்" என்று
அண்ணன் பேச உட்கார்ந்தான்.
பேசி எழுந்தபோது
கிணறு அவன் தரப்பில் இருந்தது.

சிவப்பு வளையம் விழுந்த கட்டு வெள்ளத்தாயுடையது.
எழுத்து வாதம், பத்தி பதினொன்று.
ரெட்டியார்பட்டி விலக்கு, விடியுமுன் நாலே முக்கால்.
எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்.
சைக்கிளில் இரண்டு பால் கேன், கொம்பையா.
டிரைவர் போலீசில் சொன்னதைப் புரட்டினேன்:
அன்றைக்கு அது ஏழாவது நடை,
எட்டு அடிக்காவிட்டால் பேட்டா கிடையாது,
முந்தின ராத்திரியும் கண் மூடவில்லை.

கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
ரோஸ்லின் சொன்ன இலக்கணம் சரி.
எனக்குத்தான் அழிக்கக் கை வரவில்லை.

அப்போதுதான் வாய்தா தேதி கேட்டு
வெள்ளத்தாயே படியேறி வந்தாள்.
டீ சொன்னேன்.
"எனக்கு இறங்க மாட்டேங்கு, எனக்கும் சேத்து
நீங்களே குடிங்க" என்று கிளாசை நகர்த்தினாள்.
பிறகு, சுவர் காலண்டரைப் பார்த்தபடி,
"அந்தப் பயலுக்கு என்ன வயசு?"
"இருவத்தி மூணு."
"அவனுக்கு யாரு வக்கீலு?"
"யாரும் இல்ல. நோட்டீசு போயும் வரல."
"கம்பெனி வக்கீலு அவனுக்கும் பேசமாட்டானா?"
"மாட்டாரு. கேக்காம வண்டிய எடுத்துட்டான்,
அவன் எங்க ஆளே இல்லைங்காவ."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே ஜெராக்ஸ் மெஷின் விளக்கு
போய்ப் போய் வருகிற சத்தம்.
"ஏழு நட ஓட்டுதவரைக்கும் அவுக ஆளு.
இடிச்ச பொறவு இல்லையாக்கும்."

அவள் இறங்கிப் போனதும்
பத்தி பதினொன்றில் திருத்தினேன்:
ஆன் த பார்ட் ஆஃப் த டிரைவர்.
பன்னிரண்டு என்று புதிதாக ஒன்று அடித்தேன்:
அந்த நேரத்தில் அவன் ஓட்டியது
ஆன் பிஹாஃப் ஆஃப் த ஓனர்,
ஏழு நடைக்கும், ஓட்டாத எட்டாவதுக்கும்.

ரோஸ்லின் பேனாவோடு வாசித்தாள்.
மூடியைத் திறந்தாள்,
மறுபடி மூடினாள்.
"கடைசி வரி மட்டும்
கோர்ட் பாஷை இல்லையேக்கா."
"இருக்கட்டும்" என்றேன்.

மூன்று பிரதி எடுத்தேன்.
மூன்றாவதில் மை மங்கிவிட்டது,
எதிர்த்தரப்புக்குப் போகிற பிரதி.
அதை மட்டும் திரும்ப எடுத்தேன்.
ஆடை படிந்துபோன அந்த டீயை
ஆறினபடியே குடித்தேன்.