பதினேழாம் எண்

உயிருள்ள மூளை சிவக்கும்.
செத்த பகுதி வெள்ளையாகவே நிற்கும்.
சாயத்தட்டில் அரைமணி நேரம், முப்பத்தேழு டிகிரி.
கெலுகோர் ஆய்வகத்தில் ஒன்பது வருடமாய்
இதுதான் என் வேலை:
எலி மூளையை இரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக்கி
வெள்ளையை அளப்பது.

வல்லாரைச் சாறு குடித்த எலிகளுக்கு
வெள்ளை கொஞ்சம் குறைவு.
மஞ்சளின் சத்து போனவற்றுக்கும்
சில மாதம் குறைவு, சில மாதம் இல்லை.
'நம்பிக்கை தருகிறது' என்று அறிக்கையில் எழுதுவோம்.
யாருக்கு என்று எழுதுவதில்லை.

கழுத்துக் குழாயில் நைலான் இழை செருகி
அடைப்பதும் நாங்கள்தான்,
நேரம் பார்த்து உருவுவதும் நாங்கள்தான்.
எலிக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு.
பக்கத்தில் ஒருத்தி
கடிகாரத்தோடு நிற்கிறாள்.

தில்லைநாயகம் பட்டர்வொர்த்தில்
இரவு ஷிப்ட் முடித்து முதல் ஃபெர்ரியில் வந்தான்.
"வலது கை மரத்திருக்கு."
"கிரேன் ஓட்டின கைதானே, தூங்குங்க."
சொன்னது நான்.
ஒன்பது வருடமாய் வெள்ளையை அளப்பவள்.
தூங்கினான்
ஏழு மணி நேரம்.

ஜெனரல் ஆஸ்பத்திரித் திரையில்
செத்தது கறுப்பாக இருந்தது.
பழக்கதோஷம்,
பரப்பைக் கணக்கிட்டுவிட்டேன்.

தமிழ் மொத்தமும் அந்தக் கறுப்புக்குள் போயிற்று.
மிஞ்சியது துறைமுகத்து மலாயில் மூன்று சொல்.
நாயேக். தூருன். பெர்லாஹான்.
ஏற்று, இறக்கு, மெதுவாக.
தாகத்துக்கும் தூருன், கோபத்துக்கும் தூருன்.
கஞ்சியை நான் அவசரமாய் ஊட்டினால்
பெர்லாஹான்.
என் பெயருக்குச் சொல் இல்லை,
நாயேக் என்று கூப்பிடுகிறான்.
போகிறேன்.

கீழ்மாடி ரொஹானா பெகாகா கட்டோடு வந்தாள்,
பச்சையாய் மெல்லச் சொல் என்று.
எதிர்வீட்டுத் தியோ ஜிங்கோ மாத்திரை தந்தார்.
ரத்தம் இளக்கும் மருந்தோடு இது கூடாது என்று
மருந்துக்கடைப் பெண் டப்பாவைத் தள்ளிவைத்தாள்.
ஒரு ராத்திரி
எலிக்குத் தரும் அளவை
அவன் எடைக்குப் பெருக்கிப் பார்த்தேன்.
ஆயர் ஈத்தாம் சந்தையில்
அத்தனை வல்லாரை கிடையாது.

இருந்தாலும் துவையல் அரைக்கிறேன்.
புளி கூட, மிளகாய் குறைய.
இடது கையால் வழித்துச் சாப்பிடுகிறான்,
வலது கன்னத்தில் கொஞ்சம் தங்கிவிடுகிறது.
துடைக்கிறேன்.
மருந்து என்று சொல்லவில்லை.
சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

இன்று மூலைச் சோதனை.
இரண்டு பலகை சேரும் மூலையில் எலியை விடுவோம்.
நல்ல எலி எந்தப் பக்கமும் திரும்பும்.
அடைபட்டது இடப்பக்கமே திரும்பும்,
திரும்பத் திரும்ப இடப்பக்கமே.
பதினேழாம் எண்
ஒன்பது முறை இடம் போய்
பத்தாம் முறை மீசையை ஆட்டி நின்று
வலப்பக்கம் திரும்பியது.

கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினேன்.
பேனாவை மூட மறந்து நின்றேன்.

அது குடித்தது வல்லாரையா, வெறும் உப்புநீரா
எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
பட்டியல்
பேராசிரியரின் அலமாரியில் பூட்டியிருக்கிறது.